அத்தியாயம் 9: மிதித்தால் திக்கும் இன்ஜின்

வண்டி ஸ்டார்ட் ஆகிறது. நின்ற இடத்தில் சீராக ஓடுகிறது. கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் ஒரு கணம் அமுங்குகிறது, பிறகு குலுக்கலோடு கிளம்புகிறது. மும்பை சயான் சர்க்கிள் சிக்னலில் பெஸ்ட் பஸ் பின்னால் ஒட்டி நிற்கும்போது இப்படி ஆனால், அது சிறிய கோளாறு அல்ல, ஆபத்து.

பட்டறைக்குப் போனால் முதலில் கேட்கும் வார்த்தை, "கார்புரேட்டரைக் கழுவணும்." கழுவுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழைய கதை தொடரும். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: கார்புரேட்டரில் கை வைக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். முதலில் தீப்பொறி, அடுத்து பெட்ரோல், அதன் பிறகு காற்றுக் கசிவு. இந்த வரிசை மாறாமல் போனால், பெரும்பாலான திக்கல்களை ஒரு ஞாயிறு காலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

மும்பையில் பழைய வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட். 1964இல் 1100 டிலைட்டாக வந்து, பின்னர் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், பின்சக்கர இழுவை. குடும்ப வண்டிதான். ஆனால் இதே ஃபியட்டை டியூன் செய்து சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் உண்டு, இன்றும் அந்தக் கனவோடு ஒன்றை வாங்கிச் செப்பனிடும் இளைஞர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருக்கிறார்கள். எம்.ஜி., டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டு இருக்கை வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உறவுதான் ஸ்பிட்ஃபயர், இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. கார்புரேட்டரும் சி.பி. பாயிண்டும் உள்ள எந்த வண்டியானாலும் தொடர்ந்து படியுங்கள். கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் போல இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிக்கு இது உதவாது.

கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையிலிருந்து விடைபெற்றுவிட்டன. அவற்றை நம்பி இருந்த மெக்கானிக்குகளும் உதிரிக் கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த வேலையை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அடித்தள பார்க்கிங்கிலும், மூன்று பக்கமும் சுவர் உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். வண்டியைத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். சொசைட்டி காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது, பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்வார்.

1. ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள்.
2. தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு வகைதான் வேண்டும்.
3. பெட்ரோல் குழாய் எதையும் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுங்கள்.
4. வேட்டி, லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். இந்த வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும்.
5. இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்காதீர்கள். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் தீப்பொறிப் பக்கம் வரவே கூடாது.
6. வாயால் உறிஞ்சி டாங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பட்டறைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. கார்புரேட்டர் வாயில் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பார்கள். இன்ஜின் ஒருமுறை எதிர்வெடித்தால் பாட்டில் கையிலேயே பற்றும். உங்கள் வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

தேவையான கருவிகள்

ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பானர், இரண்டு மூன்று ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், டைமிங் லைட், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பிளக், டார்ச், நோட்டுப் புத்தகம். கம்ப்ரெஷன் கேஜை வாடகைக்கோ கடனாகவோ வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கான சர்வீஸ் கையேடு கட்டாயம் வேண்டும். கீழே நான் தரும் அளவுகள் வழிகாட்டவே. கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி.

முதல் வேலை: திக்கலின் குணத்தைக் கவனிப்பது

கருவியைத் தொடாமல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிய சாலைகள் காலை ஆறரை மணிக்கு இதற்கு ஏற்றவை. எப்போது திக்குகிறது, எப்படித் திக்குகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்.

மிதித்த அந்த நொடியில் மட்டும் அமுங்கி, பிறகு சரியாகப் போனால், கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப், காற்றுக் கசிவு, பின்தங்கிய டைமிங் இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

மேட்டில் ஏறும்போதோ நீண்ட நேரம் வேகமாகப் போகும்போதோ மெல்ல மெல்ல வலு குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், டாங்க் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தால் அது மின்சாரக் கோளாறு. டேகோமீட்டர் உள்ள வண்டியில் வெட்டும் கணத்தில் முள்ளும் துள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

சூடேறிய பிறகு மட்டும் என்றால் கண்டன்சர், காயில், அல்லது குழாயில் பெட்ரோல் ஆவியாவது. மழையில் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் பிளக் ஒயர்களும்.

சோக் சோதனை: காசு செலவில்லாத இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, திக்கும் அதே நிலையில் சோக்கை கால்வாசி இழுத்து ஓட்டுங்கள். திக்கல் குறைந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ வேண்டாத காற்று நுழைகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் தீப்பொறிப் பக்கம் போங்கள்.

தீப்பொறிப் பக்கம்

இங்கே அவசரப்படாதீர்கள். வேலையில் பாதி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

1. நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். ஒயர்களுக்கு எண் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஃபியட்டில் தீப்பற்றும் வரிசை 1-3-4-2. இரண்டு ஒயர் மாறினாலும் வண்டி திக்கும். பிளக் நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங்கோ வால்வ் கைடோ தேய்ந்திருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் கார்புரேட்டரைக் குறை சொல்ல முடியாது, ஒரே கார்புரேட்டர்தானே நான்குக்கும் ஊட்டுகிறது. இடைவெளியை 0.6 மி.மீ. அளவில் வையுங்கள்.

2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்த வழியில் மின்சாரம் கசிந்திருக்கிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கரிக்கட்டை ஸ்பிரிங்கில் தாராளமாக ஏறி இறங்க வேண்டும்.

3. பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது வீடு வந்து சேரும் வரைக்கும் போதும், அதற்கு மேல் தாங்காது. இன்ஜினைக் கையால் சுற்றிப் பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி இடைவெளி வையுங்கள். லூகாஸ் வகைக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., இத்தாலிய மரெல்லி வகைக்கு 0.42 முதல் 0.48 மி.மீ. பழைய ஃபியட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டர் பலமுறை மாறியிருக்கும். எந்த அளவு என்று முடிவு செய்யும் முன் அதன் உடம்பில் உள்ள பெயரைப் படியுங்கள்.

4. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் பயனில்லை. குர்லாவிலோ தாராவியிலோ நல்ல லேத் பட்டறையில் வெண்கலப் புஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

5. பாயிண்ட் தட்டுக்கு வரும் சிறிய ஒயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை நகர்த்துகிறது. வெளியுறை நன்றாக இருந்து உள்ளே செம்பிழை அறுந்திருந்தால், தட்டு நகரும் அந்தக் கணத்தில் மட்டும் இணைப்பு விட்டுப்போகும். ஓட்டுபவருக்கு அது கார்புரேட்டர் திக்கலாகவே தெரியும். சில ரூபாய் ஒயருக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

6. ரோட்டாரைச் சுற்றும் திசையில் கையால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். வேக்குவம் அட்வான்ஸ் உள்ள வண்டியில், அதன் முனையில் சுத்தமான புதிய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி உறிஞ்சுங்கள். தட்டு நகர வேண்டும், குழாயை நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

7. காயிலில் இக்னிஷன் ஆஃப் நிலையில் இரண்டு சிறிய முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பலாஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலுக்கு 3 ஓம் அளவில் வரும். பிறகு பழைய பிளக்கை ஒரு ஒயரில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜினோடு ஒரு கிளிப்பால் நன்றாகப் பிணைத்து, கையை எடுத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'டப் டப்' என்று சத்தத்தோடு விழ வேண்டும். மஞ்சளாக, சத்தமில்லாமல் விழுந்தால் முதல் குற்றவாளி கண்டன்சர். சிலிண்டரில் பிளக் இல்லாத துளை எதுவும் திறந்திருக்கக் கூடாது, அதிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும்.

8. கடைசியாக டைமிங். கப்பியில் உள்ள குறியைச் சாக்பீஸால் வெள்ளையாக்கி டைமிங் லைட் அடியுங்கள். ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது குறி தன் இடத்திலிருந்து கப்பி சுற்றும் திசைக்கு எதிராக நகர வேண்டும். நகராவிட்டால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள். பாயிண்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங் மாறும். எனவே பாயிண்டை முடித்த பிறகே டைமிங்.

குறிப்பு: புதிய கண்டன்சர் என்பதாலேயே அது நல்லது என்று எண்ணாதீர்கள். இப்போது கிடைப்பவற்றின் தரம் சீராக இல்லை. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் அளக்கும் வசதி இருந்தால் 0.2 அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் பழைய கண்டன்சரைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருங்கள்.

பெட்ரோல் பக்கம்

தீப்பொறி நலம் என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள்.

1. டாங்க் மூடி: வலு குறையும்போது வண்டியை ஓரங்கட்டி மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்யுங்கள், வேலை முடிந்தது.

2. ஃபில்டர்: உள்ளே தெரியும் வகை ஃபில்டரில் பழுப்பு நிறத் தூள் சேர்ந்திருந்தால் டாங்க் உள்ளே துரு. ஃபில்டரை மாற்றுவது தற்காலிகம்தான், டாங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

3. இன்ஜின் பம்ப்: இன்ஜின் ஆறியிருக்கட்டும். காயில் ஒயரைக் கழற்றித் தீப்பொறி வராமல் செய்யுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் நீளமான குழாயை இணைத்து, பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் தள்ளி வைத்த உலோகப் பாத்திரத்தில் விடுங்கள். பம்பில் கை நெம்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், செல்ஃப் வேண்டாம். இல்லாவிட்டால் மட்டும் பேட்டரியை மறுபடி இணைத்துச் செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் துடித்துத் துடித்துத் தாராளமாக வர வேண்டும். குமிழியோடு வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. வலுவின்றி வந்தால் டயாஃப்ரம்.

4. ஆக்சிலரேட்டர் பம்ப்: மிதித்த நொடியில் வரும் திக்கலுக்கு இதுதான் முதல் இடம். இன்ஜினை நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரை எடுத்து, டார்ச் அடித்தபடி கார்புரேட்டர் வாயை மேலிருந்து பாருங்கள். முகத்தை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஆக்சிலரேட்டர் கம்பியைத் தள்ளியதும் தாமதமின்றி ஒரு கெட்டியான பெட்ரோல் கோடு பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, பாதி தள்ளிய பிறகே வந்தாலோ, பம்ப் டயாஃப்ரம் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் சிறிய உருண்டை வால்வ் ஒட்டியிருக்கிறது. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் இந்த டயாஃப்ரம் நான்கு திருகுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முழுக் கார்புரேட்டரையும் கழற்றாமலே மாற்றலாம்.

5. ஜெட்டும் ஃப்ளோட்டும்: இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால்தான் கழுவும் வேலை. கலவைத் திருகை முதலில் மெல்ல உள்ளே முழுதாகத் திருகி எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டு, பிறகு கழற்றுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒருமுறை பெரிதானால் மீளாது. காற்றடித்தோ தூண்டில் நரம்பு விட்டோ எடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை.

டாக்சியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு வந்த பத்மினியானால் இன்னொன்றையும் பாருங்கள். அவற்றில் பல சி.என்.ஜி.யில் ஓடியவை. வருடக்கணக்கில் பெட்ரோலைப் பார்க்காத கார்புரேட்டரில் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். வாயில் மாட்டிய கேஸ் மிக்சரைக் கழற்றாமலே விற்றிருக்கவும் கூடும். அது காற்றின் வழியைக் குறுக்குகிறது. எடுத்துவிடுங்கள்.

காற்றுக் கசிவு

பழைய சோலெக்ஸில் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து, அதன் இரு பக்கமும் காற்று நுழைவது வழக்கம். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் அடிப்பகுதியிலும் ஷாஃப்ட் முனைகளிலும் சோப்பு நீரைச் சிறிதாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நீர் உள்ளே இழுபட்டு இன்ஜின் சத்தம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எம்.ஜி.பி. போன்ற வண்டிகளில் கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. சூடான இரும்பில் ஸ்பிரே பட்டால் தீ.

எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ளவர்களுக்கு

எம்.ஜி.யிலும் பல ஸ்பிட்ஃபயர்களிலும் இருக்கும் எஸ்.யூ.வில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. அதன் வேலையைச் செய்வது மேலே உள்ள குடுவையில் ஊற்றும் எண்ணெய். மிதித்ததும் பிஸ்டன் சட்டென்று எழாமல் அந்த எண்ணெய் பிடித்து நிறுத்துவதால்தான் ஒரு கணம் கூடுதல் பெட்ரோல் கிடைக்கிறது. எண்ணெய் வற்றினால் திக்கல் நிச்சயம். கறுப்பு மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள், 20 கிரேடு எண்ணெய் போதும்.

பிறகு பிஸ்டனை அதன் ஊசிப் பொத்தானால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே அமுங்கினால் குறைவு. லேசாகக் கூடித் திரும்பினால் சரி. இரட்டைக் கார்புரேட்டர் என்றால் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன் செய்த பிறகே இந்தச் சோதனை.

இ20 பெட்ரோலும் பழைய ரப்பரும்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளதால், அந்தக் காலப் பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் கலவை தானாகவே மெலிந்துபோகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய ஃபியட் காரணம் தெரியாமல் திக்கத் தொடங்கினால் இதையும் கணக்கில் எடுங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து, சோக் சோதனையில் திக்கல் குறைந்து, பிளக்கும் வெளுத்திருந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

அதைவிட அவசரம் குழாய்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி இளகும், வெடிக்கும், துகள் துகளாக ஜெட்டில் போய் அடைக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகவும் செய்யும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாய் எத்தனாலைத் தாங்கும். பழைய குழாய் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுங்கள், கிளிப்போடு. பம்ப் டயாஃப்ரம் வாங்கும்போதும் எத்தனால் தாங்கும் வகையா என்று கேளுங்கள்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டியை எடுக்காமல் மூடிவைத்தால் டாங்க் அடியில் நீர் பிரிந்து நிற்கும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். முடியாதவர்கள் மழைக்கு முன் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

மழையில் மட்டும் திக்கினால்

கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்ததும் வண்டி திக்குகிறது என்றால், ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, மூடியின் உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து மாட்டுங்கள். இரவில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், கசியும் ஒயர்களில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த ஒயர் செட்டை மாற்றுங்கள். மூடிக்கு ரப்பர் உறை கிடைத்தால் போடுங்கள்.

சூட்டில் மட்டும் திக்கினால்

மே மாதம், தாராவி 90 அடி சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது. பழைய டாக்சிக்காரர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள், அது உண்மையாகவே உதவும். ஆனால் வழி அதுவல்ல. கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை உரசிப் போகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம். வெப்பத்தடுப்பும் குழாயும் சரியென்றால் கண்டன்சரை மாற்றி ஓட்டிப் பாருங்கள், சூட்டில் மட்டும் செத்துப் பிழைக்கும் கண்டன்சர் அபூர்வமல்ல.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒரே நாளில் பாயிண்ட், பிளக், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்றுவது முதல் தவறு. சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. புதிதாகக் கோளாறு வந்தால் எதனால் வந்தது என்றும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், எழுதுங்கள், பிறகு அடுத்தது. திக்கலை மறைக்க ஐட்லிங்கை உயர்த்தி வைப்பது இன்னொரு தவறு. கிளட்சும் பிரேக்கும்தான் அதற்கு விலை கொடுக்கும். உதிரி வாங்கக் குர்லா சி.எஸ்.டி. சாலைக்கோ ஓபரா ஹவுஸ் கடைகளுக்கோ போகும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். "எல்லா ஃபியட்டுக்கும் ஒன்றுதான்" என்று சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள்.

சோதனை ஓட்டம்

1. முதலில் ஃபைவ் கார்டன்ஸோ செம்பூர் டைமண்ட் கார்டன் பக்கமோ, தெருக்களில் நின்று கிளம்பி நின்று கிளம்பிப் பாருங்கள்.
2. அடுத்து சயான் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறுங்கள். சுமையில் திக்குகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.
3. இரண்டும் தேறினால் மட்டும் செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே. அங்கே சுரங்கம் உண்டு, நின்றுபோனால் ஒதுங்க இடம் குறைவு. சந்தேகத்தோடு ஏறாதீர்கள்.
4. திரும்பியதும் ஒரு பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, கையுறையோடு.

எல்லாம் செய்தும் திக்கல் போகாவிட்டால் கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு பிளக்கையும் எடுத்து, காயிலைத் துண்டித்து, பெட்ரோல் வரவை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இந்த இன்ஜின்களில், 2000இல் அது நாடெங்கும் நின்ற பிறகு, வால்வ் சீட் தேய்ந்து வால்வ் இடைவெளி இல்லாமல் போவதும் உண்டு. அப்படியென்றால் எந்த டியூனிங்கும் திக்கலைத் தீர்க்காது. புதிய கார்புரேட்டருக்கு வைத்திருக்கும் பணத்தை ஹெட் வேலைக்குக் கொடுங்கள்.